முகம் காட்டாத மருத்துவமனை

307-ஆம் எண் அறை. கட்டிலில் ஒரு பெண் படுத்திருக்கிறாள். தலை முழுக்கத் துணிக்கட்டு சுற்றியிருக்கிறது. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய்கூடத் தெரியவில்லை. நர்ஸ் தூக்க மருந்து கொண்டுவருகிறாள். அதற்குள் இரவாகிவிட்டதா என்று கட்டுக்குள்ளிருந்து குரல் கேட்கிறது. பகல் எப்படி இருந்தது, வெயில் அடித்ததா, அழகான நாளா என்று கேட்டுக்கொண்டே போகிறது அந்தக் குரல். நர்ஸ் ஆறுதலாகப் பதில் சொல்கிறாள். வெளியே வந்ததும் இரண்டு நர்ஸ்களுக்கு இடையே பேச்சு மாறிவிடுகிறது: 307-இன் முகத்தைப் பார்த்திருக்கிறாயா, அது என் முகமாக இருந்தால் எங்காவது குழி தோண்டிப் புதைந்துகொள்வேன்.

இத்தனை நேரம் அந்த நர்ஸின் கை தெரிந்தது, வெள்ளை உடுப்பு தெரிந்தது, சிகரெட் புகை தெரிந்தது. முகம் மட்டும் தெரியவில்லை. முதல் முறை பார்ப்பவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே உறைக்காது.

இது, வாரத்துக்கு ஒரு தனிக்கதை சொன்ன ‘தி ட்வைலைட் ஸோன்’ தொடரின் இரண்டாம் பருவத்தில் ஆறாவது அத்தியாயம். அமெரிக்காவின் சி.பி.எஸ் தொலைக்காட்சியில் 1960 நவம்பர் 11, வெள்ளிக்கிழமை இரவு ஒளிபரப்பானது. பெயர் ‘ஐ ஆஃப் தி பிஹோல்டர்’. அழகு என்பது பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது என்ற ஆங்கிலப் பழமொழியிலிருந்து எடுத்த பெயர். நம் ஊரில் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்போம். ஆனால் அதில் பாசம் கலந்திருக்கிறது. இந்தக் கதையில் பார்க்கிற கண்களில் பாசத்துக்கு இடம் கிடையாது. பார்க்கிற கண் அரசாங்கத்தின் கண்.

கதையின் முடிவைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தைப் பற்றி எதுவும் எழுத முடியாது. இதுவரை பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த முதல் அதிர்ச்சியை ஒரு கட்டுரை பறித்துவிடக் கூடாது என்பதில் எனக்கு உண்மையான அக்கறை இருக்கிறது.

சரி, கதை. கட்டுக்குள் இருப்பவள் பெயர் ஜேனட் டைலர். பிறவியிலேயே விகாரமான முகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவளை எல்லோரையும் போல ஆக்குவதற்கு அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை நடக்கிறது. இது பதினோராவது முறை. சட்டப்படி பதினொன்றுக்கு மேல் அனுமதி இல்லை. இதுவும் தோற்றுவிட்டால், அவளைப் போன்றவர்களைத் தனியாக வைத்திருக்கும் ஓர் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதையும் தாண்டி ஒரு வழி இருக்கிறது என்பதை டாக்டர் பெர்னார்டி தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: சில சூழ்நிலைகளில், வேண்டாதவர்களை அரசு அழித்துவிடவும் சட்டத்தில் இடம் உண்டு. இதைச் சொல்லும் குரல் கனிவானது. ஒரு நல்ல மருத்துவர் நோயாளியிடம் பேசுகிற தொனிதான். அதுதான் கேட்பவரை உலுக்குகிறது.

ஜேனட்டின் முதல் நினைவு, தன்னைப் பார்த்ததும் இன்னொரு குழந்தை அலறியது. ‘நான் அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதே இல்லை, யாராவது என்னை நேசிக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, என்னைப் பார்த்து ஆட்கள் அலறாமல் இருந்தால் போதும்’ என்கிறாள். ஜன்னலைத் திறக்கச் சொல்கிறாள். காற்று வேண்டும், பூ வாசனை வேண்டும், இருட்டில் இருந்தால்கூடத் தானும் மற்றவர்களைப் போல ஒருத்தி என்று நம்பிக்கொள்ள வேண்டும். அப்புறம் கோபம் வெடிக்கிறது. யார் இந்த அரசு, வித்தியாசமாக இருப்பது குற்றம் என்று சொல்ல அதற்கு என்ன உரிமை என்று கேட்கிறாள். முகமே இல்லாத ஓர் உருவம் இதைக் கேட்கிறது.

கட்டு அவிழ்க்கும் காட்சி வருகிறது. டாக்டர் கத்தரியால் வெட்டத் தொடங்குகிறார். கேமரா இப்போது கட்டுக்குள் போய்விடுகிறது. ஜேனட்டின் கண் வழியாகப் பார்க்கிறோம். ஒவ்வொரு சுற்றாக அவிழ அவிழ வெளிச்சம் மெல்லக் கூடுகிறது, துணியின் இழைகளுக்கு அப்பால் நிழல்கள் அசைகின்றன. கடைசிச் சுற்று விலகியதும் டாக்டர் பதறிப் பின்வாங்குகிறார். மாற்றம் இல்லை, கொஞ்சம்கூட மாற்றம் இல்லை! அப்புறம்தான் ஜேனட்டின் முகத்தை நமக்குக் காட்டுகிறார்கள். திரைப்பட நடிகையின் முகம். கண், மூக்கு, உதடு எல்லாம் அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது. என்ன இது என்று நாம் திகைத்து நிற்கும்போதே டாக்டர் விளக்கைப் போடச் சொல்கிறார். முதன்முறையாக அவர்களைப் பார்க்கிறோம். பன்றி மூக்கு, குழிந்த கண், கோணி இழுத்த மேலுதடு. டாக்டர் அப்படி, நர்ஸ் அப்படி, எல்லோருமே அப்படி.

இந்தத் திருப்பத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் சாதாரணமாகத்தான் இருக்கும். கதையாக அச்சில் எழுதுவதும் சுலபம்: முகத்தை வர்ணிக்காமல் விட்டால் போதும், எழுத்தில் அது தானாகவே மறைந்துவிடும். படத்தில் அப்படி முடியாது. கேமரா முன் நிற்கும் மனிதனுக்கு முகம் இருந்தே தீரும். கதையின் பெரும்பகுதி நேரம், நான்கைந்து பேர் பேசிக்கொண்டு, நடந்துகொண்டு, ஊசி போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். ஒருவர் முகமும் தெரியக் கூடாது. அதைவிடக் கஷ்டம், தெரியவில்லை என்பதே பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது.

இந்தச் சிக்கல் இயக்குநர் டக்ளஸ் ஹேய்ஸ் தலையில் விழுந்தது. ஒளிப்பதிவு ஜார்ஜ் கிளெமென்ஸ். படப்பிடிப்பு எம்.ஜி.எம் ஸ்டுடியோவில். இந்தத் தொடரின் அரைமணி நேர அத்தியாயங்களுக்கு வழக்கமாகக் கிடைத்தது ஒத்திகைக்கு ஒரு நாள், படப்பிடிப்புக்கு மூன்று நாள். அந்த அவசரத்தில் இப்படி ஒரு கண்ணாமூச்சியை ஆடியிருக்கிறார்கள்.

முடிவு தெரிந்தபின் இரண்டாம் முறை பாருங்கள். நான் அப்படிப் பார்த்தபோது கதையை விட்டுவிட்டு ஒவ்வொரு ஷாட்டிலும் முகம் எதனால் மறைகிறது என்பதை மட்டும் கவனித்தேன். ஒரே தந்திரத்தை அவர்கள் நம்பியிருக்கவில்லை. ஓரிடத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் நிழலாக நிற்கிறார்கள். ஓரிடத்தில் கேமரா கூரையிலிருந்து கீழே பார்க்கிறது, தலையும் தோளும்தான் தெரிகிறது. இன்னோரிடத்தில் பேசுபவர் முதுகைக் காட்டி நிற்கிறார், திரும்பப் போகும் நேரத்தில் வேறொருவர் குறுக்கே நடந்து போகிறார். வேறோரிடத்தில் அறையின் வெளிச்சம் இடுப்பளவோடு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு மறைப்புக்கும் இயல்பான காரணம் ஒன்று இருக்கிறது. இரவு நேரம், நோயாளியின் கண் கூசக் கூடாது, ஆகவே மங்கலான விளக்கு. யார் சந்தேகப்படுவார்கள்? இருட்டும் நிழலும் நிறைந்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பழகிய கண் அன்றைய ரசிகர்களுடையது. இதுவும் அப்படி ஒரு பாணி என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கிளெமென்ஸின் பங்கை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நிழலில் முகத்தை மறைப்பது பெரிய காரியமில்லை, விளக்கை அணைத்தால் போதும். முகம் மறைய வேண்டும், ஆனால் கை தெரிய வேண்டும், தோளின் தளர்ச்சி தெரிய வேண்டும், அந்த ஆள் வருத்தப்படுகிறானா எரிச்சல்படுகிறானா என்பது உடம்பிலேயே தெரிய வேண்டும். அதற்குத்தான் கைத்திறன் வேண்டும். இந்தத் தொடரின் ஒளிப்பதிவுக்காக 1961-இல் அவருக்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. இந்த ஓர் அத்தியாயத்துக்காகவே கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே பருவத்தில் சி.பி.எஸ் செலவைக் குறைக்கச் சொன்னதால், 29 அத்தியாயங்களில் ஆறைப் படச்சுருளில் எடுக்காமல் வீடியோ டேப்பில் எடுத்தார்கள். நேரடி ஒளிபரப்பு நாடகம் போல நிலையான சில கேமராக்கள், எங்கும் ஒரே மாதிரி பரவிய வெளிச்சம். அந்த ஆறையும் பார்த்தால் வித்தியாசம் உடனே கண்ணில் படும். இந்தக் கதை அந்தப் பட்டியலில் சேர்ந்திருந்தால் இன்று நாம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஹேய்ஸுக்கு மறைப்புக் கலை புதிதல்ல. இதற்கு முந்தைய வாரம், நவம்பர் 4 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தையும் அவர்தான் இயக்கினார். அதில் ஒரு மனிதன் வரிசையாக நிற்கும் தூண்களுக்குப் பின்னால் நடந்துபோகிறான். ஒவ்வொரு தூணைக் கடந்து வரும்போதும் சாத்தானின் உருவம் அவன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. அடுத்த ஜனவரியில் அவர் இயக்கிய இன்னொன்றில், தனியாக வாழும் ஒரு பெண்ணை வேற்றுக்கிரகக் குட்டி மனிதர்கள் தாக்குகிறார்கள். அந்தப் பெண் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அங்கே முகம் உண்டு, பேச்சு இல்லை. இங்கே பேச்சு உண்டு, முகம் இல்லை. இரண்டு மாத இடைவெளியில் ஒரே ஆள் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறார்.

முகம் இல்லாத இடத்தில் குரல்தான் எல்லாம். இதை ஹேய்ஸ் முதலிலேயே புரிந்துகொண்டார். நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டுத்தான் முடிவு செய்தார். கேட்டவுடன் இவர் நல்லவர், அக்கறையுள்ளவர் என்று தோன்றும் குரல்களாக அவர் தேடினார். ஏன் என்று யோசித்தால் அந்த ஆளின் கூர்மை புரியும். கரகரத்த, பயமுறுத்தும் குரல்களைப் போட்டிருந்தால் நாம் இருட்டில் பூதங்களைக் கற்பனை செய்திருப்போம். கனிவான குரலைக் கேட்டதும் நம் மனம் என்ன செய்கிறது? நமக்குப் பழக்கமான ஒரு டாக்டர் முகத்தை, பழக்கமான ஒரு நர்ஸ் முகத்தை நாமே எடுத்து ஒட்டிக்கொள்கிறோம். ஏமாற்றும் வேலையில் பாதியைப் பார்ப்பவரே செய்து முடித்துவிடுகிறார். டாக்டராக நடித்த வில்லியம் கார்டனின் குரலைக் கேட்டுப் பாருங்கள். களைத்துப்போன, நேர்மையான ஒரு குடும்ப டாக்டரின் குரல் அது.

கட்டுக்குள் இருந்த ஜேனட்டின் விஷயம் இன்னும் சுவாரசியம். அது இரண்டு பேர். கட்டோடு நடித்தவர் மாக்சீன் ஸ்டூவர்ட் என்ற தேர்ந்த நடிகை. கட்டு அவிழ்ந்தபின் வருபவர் டோனா டக்ளஸ். இவர்தான் இரண்டு வருடம் கழித்து ‘தி பெவர்லி ஹில்பில்லீஸ்’ நகைச்சுவைத் தொடரில் எல்லி மே ஆக நடித்துப் புகழ்பெற்றார். ஹேய்ஸின் திட்டப்படி டோனா முகத்தைக் காட்டினால் போதும், அவருக்கான வசனங்களையும் மாக்சீன் ஸ்டூவர்ட்டே பின்னணியில் பேசிவிடுவார். டோனா லூசியானாக்காரர், தெற்கத்திப் பேச்சு வாசனை உள்ளவர். ஆனால் அவர் படப்பிடிப்பில் ஸ்டூவர்ட் பேசுவதைக் கவனமாகக் கேட்டு, அந்தக் குரலை அப்படியே பிடித்துக்கொண்டார். பேசிக் காட்டியதும் டப்பிங்கே தேவைப்படவில்லை. கடைசிக் காட்சியில் நாம் கேட்பது அவருடைய சொந்தக் குரல்தான்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. முகத்தை வைத்து மனிதரை எடைபோடாதே என்று சொல்லும் கதை இது. ஆனால் இதன் பெரும்பகுதியைத் தன் குரலாலும் கைகளாலும் தாங்கிய நடிகையின் முகத்தை நாம் பார்க்கவே இல்லை. கட்டு அவிழும்போது இளம் அழகி ஒருத்தியின் முகம் வேண்டியிருந்தது. கதைக்கு அது தேவைதான்; யாராலும் மறுக்க முடியாத அழகு இல்லையென்றால் திருப்பம் வேலை செய்யாது. ஆனாலும் கதை கேள்வி கேட்கிற அதே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடிகையைத் தேடியிருக்கிறார்கள். மாக்சீன் ஸ்டூவர்ட்டின் பெயரை இந்த அத்தியாயத்தைப் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் முதலில் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். கட்டுப்போட்ட தலையோடு, விரல்களைப் பிசைந்துகொண்டு, ஜன்னல் பக்கம் தடவித் தடவிப் போகிற அந்த நடிப்புக்கு ஈடு எதுவும் இதில் இல்லை.

ஒப்பனை வில்லியம் டட்டில். எம்.ஜி.எம் ஸ்டுடியோவின் ஒப்பனைத் துறைத் தலைவர். அதே 1960-இல் ‘தி டைம் மெஷின்’ திரைப்படத்தின் பூமிக்கடியில் வாழும் மார்லாக்குகளை உருவாக்கியவரும் அவரே. ஒப்பனைக்கென்று ஆஸ்கரில் தனிப் பிரிவு இல்லாத காலத்தில், 1964-இல் வெளியான ஒரு படத்துக்காகச் சிறப்பு ஆஸ்கர் வாங்கினார். இந்த அத்தியாயத்துக்கு அவர் நுரை ரப்பரில் முகத் துண்டுகள் செய்தார். கவனித்தால் தெரியும், ஆள் மாறினாலும் மூக்கு ஒன்றுதான், உதட்டுக் கோணல் ஒன்றுதான். கூட்டத்தில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துச் சொல்வது கடினம். எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சட்டம் போடுகிற நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முகம் கிடைக்காது. இன்னொரு நல்ல முடிவு, அந்த முகங்கள் கோரப்பல் காட்டும் ராட்சச முகங்களாக இல்லை. டாக்டரின் கண்ணில் அப்போதும் வருத்தம் தெரிகிறது.

பெர்னார்ட் ஹெர்மன் இசை. அந்த ஆண்டுதான் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ வந்திருந்தது. அதன் அலறும் வயலின்களும் இவருடையவையே. இங்கே அவர் பெரும்பாலும் தாழ்ந்த குரலில் பேசுகிறார். இசை அழுத்திச் சொல்லிவிட்டால் ரகசியம் கசிந்துவிடும் அல்லவா?

இப்போது இதை எழுதியவருக்கு வருவோம். ராட் செர்லிங். 1924-இல் பிறந்தவர், நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் ஊரில் வளர்ந்த யூதக் குடும்பத்துப் பையன். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படைவீரராக பிலிப்பைன்ஸில் போரிட்டுக் காயம்பட்டவர். ஐம்பதுகளில் தொலைக்காட்சி நாடக ஆசிரியர்களில் முன்வரிசையில் இருந்தார். பரிசுகள் வந்தன, பணம் வந்தது. சொல்ல நினைத்ததைச் சொல்ல மட்டும் முடியவில்லை.

அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்கும் விளம்பர நிறுவனம்தான் முதலாளி. 1956-இல் செர்லிங் எழுதிய குத்துச்சண்டை வீரர் நாடகத்தில் ஒருவர் இன்னொருவரிடம் தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்கும் வரியை வெட்டிவிட்டார்கள். காரணம், விளம்பரதாரர் சிகரெட் லைட்டர் விற்பவர். இதைச் சிரித்துக்கொண்டு விட்டுவிடலாம். இன்னொன்றை அப்படி விட முடியாது. 1955-இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் அடித்துக் கொன்றார்கள். கொன்றவர்களை நீதிமன்றம் விடுவித்தது. அதிலிருந்து கிளம்பிய கோபத்தில் செர்லிங் ஒரு நாடகம் எழுதினார். தெற்கு மாநிலங்களில் எதிர்ப்பு வரும் என்ற பயத்தில் கதைக்களத்தை வடக்கே நியூ இங்கிலாந்துக்கு மாற்றினார்கள். கொல்லப்பட்டவரைப் பெயர் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரராக்கினார்கள். தெற்கை நினைவூட்டும் என்று செட்டில் இருந்த கோகோ கோலா பாட்டிலைக்கூட அகற்றினார்கள். 1958-இல் அதே விஷயத்தை மறுபடி எழுதிப் பார்த்தார். இந்த முறை கதையை நூறு வருடம் பின்னுக்குத் தள்ளி, மெக்சிகோக்காரர் ஒருவரின் கதையாக்கிவிட்டார்கள்.

1959 செப்டம்பரில், ‘தி ட்வைலைட் ஸோன்’ தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாதபோது, செய்தியாளர் மைக் வாலஸ் தொலைக்காட்சியில் செர்லிங்கைப் பேட்டி கண்டார். இனிமேல் விளம்பரதாரர்களோடு சண்டை போடப் போவதில்லை, இந்தத் தொடரில் சமூகப் பிரச்சினை எதையும் தொடப் போவதில்லை என்ற தொனியில் செர்லிங் பேசினார். அந்தப் பேட்டியின் பதிவு இன்றும் கிடைக்கிறது. தோற்றுப்போன ஆள் பேசுவது போலத்தான் இருக்கும். ஆனால் அவர் அப்புறம் எழுதியதைப் பாருங்கள். ஊர் பேர் இல்லாத நாடு, காலம் தெரியாத எதிர்காலம், வேற்றுக்கிரகம், பொம்மை, பேய். விளம்பர நிறுவன அதிகாரி எதைப் பிடித்து இழுப்பார்? எந்தப் பாட்டிலை அகற்றச் சொல்வார்?

நான் இந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். செர்லிங் தன் விஷயத்தை மறைத்துவைத்த விதமும், ஹேய்ஸ் முகங்களை மறைத்துவைத்த விதமும் ஒரே வேலை. இரண்டு பேரும் எதையும் பொய்யாகக் காட்டவில்லை. எல்லாம் நம் கண் முன்னேயே இருக்கிறது. வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் தீர்மானித்தார்கள்.

குறையே இல்லையா என்றால், உண்டு. முகங்கள் தெரிந்தபின் ஜேனட் தாழ்வாரங்களில் ஓடுகிறாள். சுவர்களில் பதித்த திரைகளில் நாட்டின் தலைவர் முழங்குகிறார்: ஒரே நெறி, ஒரே வழி, ஒரே மக்கள். குரலை உயர்த்தி, கையை ஆட்டி, ஹிட்லரை நினைக்காமல் இருக்க முடியாதபடி. அதே ஆண்டு மே மாதம்தான் நாஜி அதிகாரி ஐக்மனை அர்ஜென்டினாவில் பிடித்திருந்தார்கள்; அந்த நினைவுகள் மறுபடி செய்தியாகியிருந்தன. செர்லிங்கின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே விஷயத்தை முன்பே டாக்டர் பெர்னார்டி தாழ்ந்த குரலில் இதைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். ஓய்வறையில், நிழலில் உட்கார்ந்து, நர்ஸிடம் பேசுகிற காட்சி அது. அந்தக் கட்டுக்கு அடியில், அந்த விகாரத்துக்கும் அடியில் அவளுடைய உண்மையான முகத்தைப் பார்த்துவிட்டேன், அது நல்ல முகம், மனித முகம் என்கிறார். மனிதர்கள் வித்தியாசமாக இருந்தால் என்ன என்றும் கேட்டுவிடுகிறார். நர்ஸ் உடனே எச்சரிக்கிறாள்: டாக்டர், கவனம், நீங்கள் பேசுவது ராஜதுரோகம். அவர் அடங்கிப்போகிறார். மறுபடி வேலைக்குப் போகிறார். தலைவரின் முழக்கத்தைவிட அந்த அடங்கிப்போதல்தான் என்னைப் பயமுறுத்துகிறது. கொடுமை நடக்கிற இடங்களில் பெரும்பாலும் இப்படிப்பட்ட நல்லவர்கள்தானே வேலை பார்க்கிறார்கள்.

ஒரு சின்னத் தகவல். சில பிரதிகளில் கடைசியில் வேறு பெயர் வரும்: ‘தி பிரைவேட் வேர்ல்ட் ஆஃப் டார்க்னஸ்’, இருளான ஒரு தனி உலகம். அதே பழமொழிப் பெயரில் ஏற்கெனவே ஒரு தொலைக்காட்சிப் படம் வைத்திருந்த தயாரிப்பாளர் வழக்குப் போடுவதாகச் சொன்னதால், மறு ஒளிபரப்பில் பெயரை மாற்றினார்கள். செர்லிங்கின் தொடக்க வர்ணனையில் வரும் சொற்களையே எடுத்து வைத்தார்கள். 2003-இல் புதிய ‘ட்வைலைட் ஸோன்’ தொடர் இதைக் கிட்டத்தட்ட அதே வசனங்களோடு வண்ணத்தில் மறுபடி எடுத்தது. மறைப்புதான் கதை என்று முன்கூட்டியே தெரிந்த பார்வையாளர்களுக்காக அதை மறுபடி எடுத்து ஜெயிப்பது யாருக்கும் கஷ்டம்தான்.

ஒளிபரப்பான அந்த வாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மூன்று நாள் முன்னர்தான் கென்னடிக்கும் நிக்சனுக்கும் இடையே அதிபர் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. ஒன்றரை மாதமாக, தொலைக்காட்சி விவாதத்தில் யார் முகம் எப்படி இருந்தது என்பதே நாடு முழுக்கப் பேச்சு. இன்னொரு பக்கம், ஒளிபரப்பு முடிந்து மூன்றாம் நாள், நவம்பர் 14, திங்கட்கிழமை காலை. டோனா டக்ளஸின் சொந்த மாநிலமான லூசியானாவில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, அதுவரை வெள்ளைக் குழந்தைகள் மட்டும் படித்த ஒரு பள்ளிக்கு முதல் நாள் போனாள். கூடப் பாதுகாப்புக்கு மத்திய அரசின் மார்ஷல்கள். வாசலில் கூட்டம் நின்று அவளைப் பார்த்துக் கத்தியது. பெற்றோர்கள் தங்கள் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு போனார்கள்.

என்னைப் பார்த்து ஆட்கள் அலறாமல் இருந்தால் போதும் என்று ஜேனட் சொன்ன வரியை வெள்ளிக்கிழமை கேட்டவர்களில் எத்தனை பேர் அந்தச் செய்திப் படத்தையும் பார்த்தார்களோ. செர்லிங் இதை முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. அவர் கண் முன் இருந்தது எம்மெட் டில், அதற்கும் முன்னால் ஐரோப்பாவின் நாஜி வதைமுகாம்கள். ஆனால் ஊர் பேர் இல்லாமல் எழுதியதால், கதை தானாகவே போய் அந்தப் பள்ளி வாசலில் நின்றது.

கடைசிக் காட்சியில் வால்ட்டர் ஸ்மித் வருகிறான். நம் கண்ணுக்கு நல்ல அழகன். ஜேனட் அவனைப் பார்த்ததும் பயந்து ஒதுங்குகிறாள். அவளும் அந்த நாட்டில் வளர்ந்தவள்தானே, அவளுடைய கண்ணும் அவர்கள் பழக்கிய கண்தான். அவளை வடக்கே, அவர்களைப் போன்றவர்கள் வாழும் ஊருக்கு அழைத்துப்போக அவன் வந்திருக்கிறான். நாம் ஏன் இப்படி இருக்கிறோம் என்று அவள் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை, மிஸ் டைலர், நிஜமாகவே தெரியவில்லை என்கிறான். அப்புறம் அந்தப் பழமொழியைச் சொல்கிறான். மிக மிகப் பழைய பழமொழி என்கிறான். ஊருக்குப் போனதும் இதைத் திரும்பத் திரும்ப உனக்கே சொல்லிக்கொள் என்கிறான்.

மனதில் பதியாத ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும். சட்டம் மாறவில்லை. பதினோரு முறை வரம்பு அப்படியே இருக்கிறது. டாக்டர் பெர்னார்டி நாளைக்கும் வேலைக்கு வருவார். அவர்கள் இருவரும் அந்தத் தாழ்வாரத்தில் நடந்து போகிறார்கள்.